ஆறாம் கட்டளையும் பன்னிரண்டாம் வகுப்பும்

நரிக்குடிப் பக்கம் ஒரு பெண்பிள்ளை வயதுக்கு வந்துவிட்டால் செய்தி பிளெக்ஸில் ஏறிவிடும். சாலை முக்கிலும் பேருந்து நிறுத்தத்திலும் தாய்மாமன்கள் வரிசையாகக் கைகூப்பி நிற்பார்கள். நடுவில், கனத்த பட்டில், பன்னிரண்டு பதின்மூன்று வயதுச் சிறுமி. மேலே 'பூப்புனித நீராட்டு விழா'. எங்கள் கத்தோலிக்க வீடுகளிலும் இதேதான். பிள்ளையார் இருக்கும் மூலையில் வேளாங்கண்ணி மாதா இருப்பார், அவ்வளவுதான் வேறுபாடு. இந்தப் பெண்ணால் இனிக் கருத்தரிக்க முடியும் என்பதைத்தான் அந்தப் பதாகை ஊருக்கு அறிவிக்கிறது. பால்காரர் முதல் பஸ் கண்டக்டர் வரை எல்லோருக்கும் அது புரிகிறது. புரியாத ஒரே ஆள், பல நேரம், அந்தப் படத்தில் நிற்கும் பிள்ளைதான்.

நான் இந்த மண்ணில் பிறந்தவள், திருமுழுக்கு பெற்றவள். வாரநாள்களில் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். ஞாயிறன்று பூசை முடிந்ததும் ஒரு கிளைப்பங்கில் மறைக்கல்வி எடுக்கிறேன். ஒரே பிள்ளைகளில் பலர் இரண்டு இடத்திலும் என் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு ஆறாம் கட்டளை. எங்கள் பாட்டிமார் மனப்பாடம் செய்த ஞான உபதேசத்தில் அதற்கு 'மோக பாவம்' என்று பெயர். இப்போது 'விபசாரம்'. இரண்டு சொல்லுமே எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு எதையும் சொல்வதில்லை. விளக்கம் கேட்டால் கெட்ட எண்ணம், கெட்ட பார்வை, கெட்ட பழக்கம் என்று மூன்று 'கெட்ட'தோடு ஏழாம் கட்டளைக்குப் போய்விடுவதே வழக்கம். களவு செய்யாதே என்பதை விளக்க எங்களிடம் எத்தனை கதைகள்! உண்டியல், பக்கத்து வீட்டுக் கோழி, பரீட்சையில் காப்பி. ஆறாம் கட்டளைக்குக் கதையே கிடையாது.

கருத்தடை பற்றித் திருச்சபை சொல்வதை ஒரே சொல்லில் எல்லோரும் தெரிந்து வைத்திருக்கிறோம்: கூடாது. அதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1930இல் லாம்பெத் மாநாட்டில் ஆங்கிலிக்கன் ஆயர்கள், சில சூழல்களில் தம்பதிகள் கருத்தடை செய்துகொள்ளலாம் என்று கதவை லேசாகத் திறந்தார்கள். அதே ஆண்டின் கடைசி நாளில் திருத்தந்தை பதினொன்றாம் பயஸ் தன் திருமடலில் அந்தக் கதவை அடைத்தார். 1951இல் பன்னிரண்டாம் பயஸ் இத்தாலிய மருத்துவச்சிகளிடம் பேசும்போது, கரு உண்டாகாத நாள்களைக் கணக்கிட்டு அந்நாள்களில் மட்டும் தம்பதிகள் கூடுவதைத் தக்க காரணம் இருந்தால் ஏற்கலாம் என்றார். பிறகு மாத்திரை வந்தது. 1963இல் வத்திக்கான் ஓர் ஆய்வுக்குழு அமைத்தது. அதில் மணமான பெண்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான். அவர்களில் ஒருவரான அமெரிக்காவின் பட்ரிசியா குரோலி, பல நாட்டுக் கத்தோலிக்கத் தம்பதிகளிடமிருந்து கடிதங்களைத் திரட்டிக் கொண்டுபோனார். நாள் கணக்குப் பார்த்து வாழ்வதில் உள்ள அச்சத்தையும் சண்டையையும் ஏமாற்றத்தையும் மனைவிமார் அவற்றில் எழுதியிருந்தார்கள். குழுவின் பெரும்பான்மை, போதனையை மாற்றலாம் என்று 1966இல் சொன்னது. ஆறாம் பவுல் அதை ஏற்கவில்லை. 1968 ஜூலை 25 தேதியிட்ட 'ஹுமானே வீத்தே' திருமடலில் பழைய தடை உறுதியானது. ஒவ்வொரு தாம்பத்திய உறவும் உயிர் உண்டாவதற்குத் திறந்திருக்க வேண்டும் என்பது அதன் சாரம். கருத்தடை பெருகினால் ஆண் பெண்ணை மதிக்க மாட்டான், இளைஞர்கள் ஒழுக்கம் தவறுவார்கள் என்றும் அது எச்சரித்தது. இளைஞர்களைப் பற்றி அந்தத் திருமடல் பேசும் இடம் மிகச் சிறியது. ஆனால் எங்கள் ஊர்ப் பிள்ளைகளைத் தொட்டது அந்தச் சிறிய இடம்தான்.

அவர்களுடைய அம்மாக்களை அந்தத் திருமடல் தொடவே இல்லை. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் 2019-21 சுற்றுப்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் சுமார் 58 விழுக்காட்டினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்களின் பங்கு ஒரு விழுக்காடுகூட இல்லை. (இந்த ஒரு வரிக்குத் தனிக் கட்டுரையே எழுதலாம்.) எங்கள் பங்கின் பெண்கள் இந்தக் கணக்குக்கு வெளியே இல்லை. இரண்டாவது பிரசவத்துக்கோ மூன்றாவதுக்கோ அரசு மருத்துவமனைக்குப் போகிறவர்கள் 'ஆப்பரேசன்' முடித்துத்தான் திரும்புகிறார்கள். சாமியாருக்குத் தெரியும். சிஸ்டருக்குத் தெரியும். பிரசங்க மேடையிலிருந்து யாரும் இதைப் பற்றி வாய் திறப்பதில்லை. கேரளத்தின் பாலா மறைமாவட்டம் 2021இல் ஐந்தும் அதற்கு மேலும் பிள்ளை பெறும் குடும்பங்களுக்கு மாதம் 1,500 ரூபாய் தருவதாக அறிவித்தபோது எங்கள் அன்பியத்தில் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "ஒரு பிள்ளைக்கு ஸ்கூல் வேன் காசுக்கே பத்தாதே" என்றார் ஒருவர்.

சிரித்து முடிந்தபின் வேறொரு குரல் வந்தது. நாற்பதை நெருங்கும் பெண், கரிமூட்டம் போடும் குடும்பம், மூன்று பிள்ளைகள். "நானும் ஆப்பரேசன் பண்ணிக்கிட்டவதான். ஒவ்வொரு தவக்காலமும் பாவசங்கீர்த்தனத்துல அதச் சொல்லிக்கிட்டேதான் இருக்கேன். இன்னும் எத்தன வருசம் சொல்லணும் டீச்சர்?"

அந்தக் கேள்விக்கு ஒப்புரவு இறையியலில் விடை உண்டு. ஒருமுறை மன்னிக்கப்பட்டது மன்னிக்கப்பட்டதுதான். அதை அவரிடம் சொன்னேன். என் மனதில் நின்றது வேறு. இந்தப் போதனை தாய்மாரின் வாழ்க்கையில் தோற்றுப்போய் வெகுகாலமாகிறது. அவர்களிடம் அது ஒரு குற்ற உணர்வாக மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஆட்சி செலுத்த அதற்கு இன்று மீதமிருப்பவர்கள் இன்னும் எதுவும் தெரியாத மகள்கள்தான். அதற்காக அவர்களிடம் அது ஒன்றையும் போதிக்க வேண்டியதில்லை. பேசாமல் இருந்தால் போதும்.

பழியைத் திருச்சபை மேல் மட்டும் போடுவது நேர்மையாகாது. அரசும் மனைவிமாரிடம் மட்டுமே பேசியது. 1952இல் தொடங்கிய குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டம், சுவரெங்கும் சிவப்பு முக்கோணம் வரைந்த காலத்திலும், கணவன் மனைவி இரண்டு குழந்தைகள் என்ற படத்தைத் தாண்டிப் போகவில்லை. அதன் கவலை மக்கள்தொகை. கருத்தடையைப் பெண்ணின் விடுதலையோடு சேர்த்துப் பேசியவர் பெரியார். உடல்நலத்துக்காக, குடும்பச் செலவுக்காக, நாட்டுக்காக என்று மற்றவர்கள் காரணம் சொன்ன 1930களில், பெண் தன் விருப்பப்படி வாழ்வதற்காகவே கருத்தடை வேண்டும் என்று அவர் எழுதினார். அந்த வாதம் பள்ளிக்கூட வாசலுக்கு வரவில்லை. 2005இல் மத்திய அரசு வளரிளம்பருவக் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தது. 2007இல் மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அதைத் தடைசெய்தன. 2009இல் மாநிலங்களவையின் மனுக்கள் குழு பள்ளிகளில் பாலியல் கல்வி வேண்டாம் என்றே பரிந்துரைத்தது. இதில் எதுவும் வத்திக்கானின் வேலையல்ல. 2005இல் குஷ்பு, திருமணத்துக்கு முன் உறவு கொள்ளும் பெண்கள் கர்ப்பமும் நோயும் வராமல் பாதுகாத்துக்கொள்ள வேண்டும் என்று சொன்னதற்குத் துடைப்பத்தையும் செருப்பையும் தூக்கியவர்கள் கத்தோலிக்கர்கள் அல்லர். அவர்மீது இருபதுக்கும் மேற்பட்ட வழக்குகள் போடப்பட்டன. உச்ச நீதிமன்றம் அவற்றை 2010 ஏப்ரலில் தள்ளுபடி செய்தது.

பாடநூலைப் பார்ப்போம். எட்டாம் வகுப்பில் வளரிளம் பருவமடைதல் பற்றி ஒரு பாடம். பத்தாம் வகுப்பில் மாதவிடாய்ச் சுழற்சி, தாவர இனப்பெருக்கத்தோடு சேர்ந்து வருகிறது. கருத்தடை முறைகள் முறையாக வருவது பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியலில், 'இனப்பெருக்க நலன்' என்ற பாடத்தில். எழுத்து நன்றாகவே இருக்கிறது. ஆனால் அதைப் படிக்க ஒரு பெண் பத்தாம் வகுப்பு தேற வேண்டும், மேல்நிலைப் பள்ளிக்குப் போகவர பஸ் இருக்க வேண்டும், உயிரியல் பிரிவு கிடைக்க வேண்டும். வணிகவியல் எடுத்தவளுக்குக் கருப்பை இல்லையா? பத்தோடு நின்று அருப்புக்கோட்டைப் பக்கம் நூற்பாலைக்குப் போகிறவளுக்கு? அரசு கொடுக்கும் நாப்கின் அவள் கைக்கு வருகிறது. அது எதற்கு வருகிறது என்ற விளக்கம் வருவதில்லை.

இளையோருக்கான பாலியல் கல்வி பற்றித் திருச்சபை எழுதாமல் இல்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட கல்வி பற்றிய அறிக்கை, வயதுக்கேற்ற, நல்ல நோக்குள்ள, விவேகமான பாலியல் கல்வி பிள்ளைகளுக்கு வேண்டும் என்றது. இதை எங்கள் பங்குகளில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. முப்பது ஆண்டு கழித்து, 1995இல், குடும்பத்துக்கான திருப்பீட அவை வெளியிட்ட வழிகாட்டி பின்வாங்கியது. இந்தக் கல்வி பெற்றோரின் உரிமை. சிறுவயதின் களங்கமின்மையைத் தேவையற்ற தகவலால் கலைக்கக் கூடாது. பள்ளி சொல்லித்தருவது தங்கள் நம்பிக்கைக்கு எதிராக இருந்தால் பெற்றோர் பிள்ளையை வகுப்பிலிருந்து விலக்கிக்கொள்ளலாம். 2016இல் பிரான்சிஸ் 'அன்பின் மகிழ்வு' மடலில் மறுபடி கதவைத் திறந்தார். பாலியல் கல்வி தேவை என்று தலைப்பிட்டே எழுதினார். ஆபாசம் பெருகிக்கிடக்கும் காலத்தில் பிள்ளைகளைப் பேச்சில்லாமல் விட்டுவிட முடியாது என்றும் ஒப்புக்கொண்டார். ஆனால் அடுத்த சில பத்திகளிலேயே 'பாதுகாப்பான உறவு' என்ற சொல்லைக் கண்டிக்கிறார். பிறக்கப்போகும் குழந்தையைப் பகைவனாகக் கருதி அதனிடமிருந்து பாதுகாப்புத் தேடுவதுபோல் அந்தச் சொல் இருக்கிறதாம்.

இந்த இடத்தில் நான் நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். பிரான்சிஸின் கவலையை என்னால் தூக்கி எறிய முடியவில்லை. உடலைப் பண்டமாக்கக் கூடாது, எதிரில் இருப்பவர் ஓர் ஆள், அவருக்கு நாளையும் உண்டு என்பதையெல்லாம் எங்கள் பையன்களுக்கு யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும். அவர்கள் கையில் இருக்கும் போன் அதைச் சொல்லாது. ஆணுறை போடும் முறையை மட்டும் காட்டிவிட்டுப் போகும் ஒரு மணிநேர முகாமும் சொல்லாது. அன்பு, பொறுப்பு, காத்திருத்தல் என்று பேச ஒரு மொழி திருச்சபையிடம் இருக்கிறது. அரசிடம் அது இல்லை. ஆனால் பாதுகாப்பு என்ற சொல்லைக் கேட்டதும் அந்த மடலுக்கு நினைவு வருவது பிறக்காத குழந்தை. எனக்கு நினைவு வருவது எட்டாம் வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் இருக்கும் பிள்ளை. பதினைந்து வயதில் கருவுற்றால் அவளுக்கு ரத்தசோகை, படிப்பு நிறுத்தம், ஊர்ப்பேச்சு, போலீஸ், அவசரக் கல்யாணம். இவற்றிலிருந்துதான் அவளுக்குப் பாதுகாப்பு வேண்டும். அந்த வாக்கியத்தில் அவள் இல்லை.

சொல்லிக்கொடுத்தால் கெட்டுப்போவார்கள் என்ற வாதத்துக்கு ஆய்வுகள் எப்போதோ விடை சொல்லிவிட்டன. யுனெஸ்கோ 2018இல் வெளியிட்ட வழிகாட்டி பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. முழுமையான பாலியல் கல்வி பிள்ளைகளின் பாலுறவைக் கூட்டுவதில்லை. விலகியிருங்கள் என்று மட்டும் சொல்லும் திட்டங்கள் பலன் தருவதில்லை. இதை நீட்டி எழுத எனக்கு விருப்பமில்லை. நம்ப மறுப்பவர்கள் ஆய்வு போதாததால் மறுக்கவில்லை.

திருச்சபையின் கையிலேயே இருக்கும் ஓர் அறிவைப் பற்றிப் பேசத்தான் எனக்கு விருப்பம். கல்யாணம் நிச்சயமான கத்தோலிக்க இளைஞர்கள் திருமண ஆயத்தப் பயிற்சிக்குப் போக வேண்டும். சான்றிதழ் இல்லாமல் ஓலை வாசிக்க மாட்டார்கள். அங்கே இயற்கைக் குடும்பத் திட்டம் என்று ஒரு பாடம் உண்டு. ஜப்பானில் ஒகினோவும் ஆஸ்திரியாவில் குனௌஸும் 1920களில் தனித்தனியே கண்டுபிடித்த கணக்கு அது: அடுத்த மாதவிடாய்க்கு ஏறக்குறைய 14 நாள் முன்பு முட்டை வெளிப்படும். அதற்குப் பின் ஆஸ்திரேலியாவின் ஜான், எவலின் பில்லிங்ஸ் தம்பதி சேர்த்தது: வெள்ளைப்படுதலின் தன்மை மாறுவதைக் கவனித்துக் கருத்தரிக்கும் நாள்களை ஒரு பெண்ணே அறியலாம். முட்டை ஒரு நாள்தான் உயிரோடிருக்கும். விந்தணு ஐந்து நாள் வரை தாக்குப்பிடிக்கும். பயிற்சியில் கட்டம் போட்ட தாள் தருவார்கள். வண்ணம் தீட்டச் சொல்வார்கள். நானும் தீட்டியிருக்கிறேன். என் உடலில் நடப்பதை முதன்முதலாக ஒழுங்காக எனக்குச் சொன்னது, கல்லூரி விலங்கியல் படித்துமுடித்த எனக்கு, ஓர் அருட்சகோதரிதான். அருமையாகச் சொன்னார்.

இருபத்து நான்கு வயதில், முகூர்த்தத்துக்கு மூன்று வாரம் முன்னால்!

வெள்ளைப்படுவதை நோய் என்று பயந்து யாரிடமும் சொல்லாமல் எலும்புருக்கி என்று தானே முடிவுகட்டிக்கொண்ட பிள்ளைகளை வகுப்பில் பார்த்திருக்கிறேன். அந்த ஒரே பாடம் அவர்களுக்குப் பதின்மூன்று வயதில் போதும், பாதி பயம் போய்விடும். திருச்சபை ஏற்றுக்கொண்ட அறிவு இது. பாவம் என்று எந்தத் திருமடலும் சொல்லவில்லை. அப்படியிருந்தும் கணவன் ஒருவன் உறுதியான பிறகுதான் பெண்ணின் கையில் கொடுக்கிறார்கள். தன் உடலை அறிவது மனைவிக்கு உரியது, பெண்ணுக்கு உரியதன்று என்றுதானே இதற்குப் பொருள்? பருவமடைந்த முதல் சில ஆண்டுகளில் மாதச் சுழற்சி ஒழுங்காக வராது; அந்த வயதில் இந்தக் கணக்கைக் கருத்தடை என்று நம்ப முடியாது. அதனால் ஆணுறை, மாத்திரை, அவசரகால மாத்திரை ஆகியவற்றையும் உடன் சொல்லத்தான் வேண்டும். 72 மணிநேரத்துக்குள் போடும் அந்த மாத்திரை முக்கியமாக முட்டை வெளிப்படுவதைத் தள்ளிப்போடும். மருந்துச் சீட்டில்லாமல் விற்க நாட்டில் அனுமதி இருந்தும், தமிழ்நாட்டின் பல மருந்துக் கடைகளில் கேட்டால் இல்லை என்பார்கள். பங்குத்தந்தையே தேவையில்லை, மருந்துக் கடைக்காரரே போதும் நம் ஊரில்.

ஆறாம் கட்டளைக்குக் கதை இல்லை என்றேன். பெண்பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு கதை உண்டு: புனித மரிய கொரற்றி. எங்கள் பக்கத்தில் அந்தப் பெயர் வைத்த பெண்கள் இருக்கிறார்கள். கையில் லீலி மலரோடு சுரூபமும் உண்டு. இத்தாலியில் 1902இல், பதினொரு வயதில், தன்னைப் பலாத்காரம் செய்ய வந்த இருபது வயதுக்காரனை எதிர்த்ததற்காகக் கத்தியால் குத்தப்பட்டு இறந்தாள். 1950இல் புனிதையானாள். பாவத்தைவிடச் சாவு மேல் என்று தேர்ந்தவள் என்று வகுப்பில் சொல்லித்தர வேண்டும்.

அவளுடைய வாழ்க்கையை எடுத்துப் படித்தால் வேறொரு பெண் தெரிகிறாள். அடுத்தவர் நிலத்தில் வாரத்துக்கு உழுத குடும்பம். அப்பா மலேரியாவில் போய்விட்டார். அம்மா காட்டு வேலைக்குப் போக, மரியா வீட்டில் சமைத்து, துவைத்து, கைக்குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொன்றவன் அதே வீட்டைப் பகிர்ந்து குடியிருந்தவன். முன்பும் தொந்தரவு செய்திருக்கிறான்; வெளியே சொன்னால் கொல்வேன் என்று மிரட்டியிருக்கிறான். நரிக்குடிப் பிள்ளைகளுக்கு இதில் எந்தப் பகுதி அந்நியம்? இந்தக் கதையிலிருந்து எடுக்கவேண்டிய பாடம் கற்பா? சொல்வதற்குச் சொல்லும், கேட்பதற்கு ஓர் ஆளும் அவளுக்கு இருந்திருந்தால் அந்தப் பிள்ளை பிழைத்திருக்குமே! போதாக்குறைக்கு, சாவைத் தேர்ந்தவள் புனிதை என்றால், சாகாமல் தப்பியவள் யார்? அப்படி ஒருத்தி ஒவ்வொரு மறைக்கல்வி வகுப்பிலும் உட்கார்ந்திருக்கக்கூடும். பலாத்காரத்துக்கு ஆளானவளிடம் பாவம் எதுவுமில்லை என்பது திருச்சபையின் சொந்தப் போதனையே. அதை லீலி மலருக்குப் பின்னால் மறைத்துவிடுகிறார்கள்.

எங்கள் மாவட்டத்துக்காரரான பாமாவின் 'சங்கதி'யில் மாரியம்மா என்றொரு பெண் வருகிறாள். நிலத்துக்காரன் அவளைப் பலவந்தப்படுத்தப் பார்க்கிறான். தப்பி ஓடுகிறாள். அவன் முந்திக்கொண்டு, அவளையும் மாணிக்கம் என்ற இளைஞனையும் சேர்த்துப் பழி சொல்கிறான். ஊர்க்கூட்டம் அவளுக்கு 200 ரூபாயும் அவனுக்கு 100 ரூபாயும் தண்டம் போடுகிறது. பின்னால் மாரியம்மா அதே மாணிக்கத்துக்குக் கட்டிவைக்கப்படுகிறாள். 1994இல் வந்த இந்த நூலை நான் என் மாணவிகளோடு பலமுறை வாசித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அவர்கள் முதலில் கேட்பது அந்த இருநூறு, நூறு கணக்கைப் பற்றித்தான். நான் நின்றுவிடுவது கல்யாணத்தில். பழி பொய், அதைச் சரிசெய்யக் கல்யாணம் மெய்.

கல்யாணத்தைச் சரிசெய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற எண்ணம் இந்த வறண்ட சீமையில் பழையது. ஆண்டுதோறும் வேனில் ஓரியூருக்குப் போகிறோம். புனித அருளானந்தர் 1693இல் தலைவெட்டப்பட்ட இடம். செம்மண்ணை முந்தியில் முடிந்து வருகிறோம். அவர் கொல்லப்பட்ட காரணம் எல்லோருக்கும் தெரியும். மனம் மாறிய தடியத்தேவரிடம் ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கச் சொன்னார், விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி சேதுபதியின் உறவுப்பெண், அவள் முறையிட்டாள். பிரசங்கத்தில் அவள் வில்லி. ஒரு திருமணம் ஒழுங்காவதற்காக வீட்டைவிட்டு அனுப்பப்பட்ட அத்தனை பெண்களும் அதன்பின் எங்கே போனார்கள், எதைச் சாப்பிட்டார்கள் என்று எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை. புனிதரின் வீரத்தைக் குறைக்க இதைச் சொல்லவில்லை. கணக்கில் விடுபட்டவர்களைச் சேர்க்கச் சொல்கிறேன்.

முந்நூறு ஆண்டுக்குப் பின் கேரளத்தில் கொட்டியூர். ஒரு பங்குத்தந்தையால் பதினாறு வயதுப் பெண் கருவுற்றுக் குழந்தை பெற்றாள். முதலில் அவளுடைய தகப்பனையே பொறுப்பேற்க வைத்தார்கள். 2019இல் தலச்சேரி நீதிமன்றம் அவருக்கு 20 ஆண்டுத் தண்டனை விதித்தது. உயர் நீதிமன்றம் பின்னர் அதைக் குறைத்தது. 2021இல் அந்தப் பெண்ணே உச்ச நீதிமன்றம் போய், அவரையே மணந்துகொள்ள அனுமதி கேட்டாள். நீதிமன்றம் மறுத்தது. அவள் கேட்டதில் எனக்கு வியப்பில்லை. திருமணத்துக்கு வெளியே நடந்ததுதான் குற்றம் என்று கற்றுக்கொண்டு வளர்ந்த பிள்ளை, திருமணத்தைத் தவிர வேறு எந்தப் பரிகாரத்தைக் கேட்பாள்? தன் விருப்பம், தன் வயது, தன்மேல் அவருக்கிருந்த அதிகாரம் இவற்றைச் சொல்ல அவளுக்கு யாரும் சொல் கொடுத்திருக்கவில்லை.

சட்டமும் சிக்கலைக் கூட்டியிருக்கிறது. 2012இன் போக்சோ சட்டப்படி 18க்குக் கீழே எந்தச் சம்மதமும் சம்மதமல்ல. பதினேழு வயதுக் காதலும் அறுபது வயதுக் கொடுமையும் ஒரே பிரிவில் வருகின்றன. தெரிந்தும் புகார் செய்யாவிட்டால் ஆசிரியருக்கும் மருத்துவருக்கும் தண்டனை. கருவுற்றதும் பிக்மி எண்ணுக்குப் பதியப் போனால் வயது தெரிந்துவிடும். விஷயம் காவல் நிலையத்துக்குப் போகும். பயந்து பலர் மருத்துவமனைப் பக்கமே போவதில்லை. 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் மணமாகாத பெண்களுக்கும் 24 வாரம் வரை கருக்கலைப்பு உரிமை உண்டு என்று சொன்னபோது, சிறுமி கேட்டுக்கொண்டால் மருத்துவர் அவள் பெயரைக் காவல்துறைக்குத் தர வேண்டியதில்லை என்றும் சொன்னது. எங்கள் சுகாதாரச் செவிலியர்களில் எத்தனை பேருக்கு இது போய்ச் சேர்ந்திருக்கும்? பேசினால் சட்டச் சிக்கல் என்ற காரணம் இப்போது மௌனத்துக்கு வசதியாகக் கிடைத்துவிட்டது. முன்பு பாவம், இப்போது கேஸ்.

பெற்றோரே முதல் ஆசிரியர் என்கிறது திருச்சபை. சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். எங்கள் ஊரில் அப்பா திருப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்கிறார். அம்மா இருக்கிறார், அவருக்கும் யாரும் சொல்லவில்லை. இருபத்து மூன்று வயதில் குழாயைக் கட்டிக்கொண்ட அவருக்கு, கட்டப்பட்டது எந்தக் குழாய் என்று தெரியாது. ஆகவே அம்மாக்களிலிருந்து தொடங்குவது என்று நானும், ஓய்வுபெற்ற கிராமச் செவிலியர் அக்கா ஒருவரும் முடிவு செய்தோம். மாதம் ஒருநாள் அன்பியக் கூட்டம். செபமாலை, வாசகம், பகிர்வு எல்லாம் முடிந்தபின் அரை மணிநேரம். படம் வரையத் தாளில்லை. வீட்டுக்காரம்மா புளியங்கொட்டை கொண்டுவந்தார். தரையில் இருபத்தெட்டை வட்டமாக வைத்தோம். ரத்தப்போக்கு நாள்களுக்குச் சிவந்த கொட்டை. கருத்தரிக்கும் நாள்களுக்கு ஒரு பக்கம் உரசி வெள்ளையாக்கியது. எல்லோருக்கும் இருபத்தெட்டு வராது, இருபத்து மூன்றும் வரும் முப்பத்தைந்தும் வரும் என்று அக்கா கொட்டைகளைக் கூட்டியும் குறைத்தும் காட்டினார். பிறகு மாத்திரை என்ன செய்யும், ஆணுறை என்ன செய்யும், ஆப்பரேசனில் எங்கே முடிச்சு விழுகிறது என்று அந்த வட்டத்தை வைத்தே சொன்னார். தவக்காலம்தோறும் அறிக்கையிடும் அந்தப் பெண் குனிந்து ஒவ்வொரு கொட்டையாகத் தொட்டு எண்ணினார். போகும்போது இருபத்தெட்டையும் முந்தியில் முடிந்துகொண்டார். அவருக்கு எட்டாவது படிக்கும் மகள் இருக்கிறாள்.

மறுவாரம் கோயில் வாசலில் உபதேசியார் என்னை நிறுத்தினார். "ஜெபக் கூட்டத்துல உக்காந்து தாயம் ஆடுனீங்களாமே?"

"ஆமாய்யா" என்றேன். "அடுத்த மாசமும் இருக்கு."